சபாநாயகர் என்பவர் சபைக்கு நாயகரா?

தமிழகச் சட்டப்பேரவை நேரலையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். உறுப்பினர் எழுந்ததும் "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று தொடங்குவார். திரையின் அடியில் ஓடும் செய்திவரியோ அவரையே "சபாநாயகர்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஒரே நாற்காலிக்கு இரண்டு பெயர்.

சபா, நாயகர் இரண்டும் வடசொற்கள். சபா என்றால் மன்றம், கூட்டம். நாயகர் என்றால் நடத்திச் செல்பவர். கதாநாயகனில் இருப்பதும் இதே நாயகன்தான். அப்படியானால் சபாநாயகர் என்பவர் சபையை முன்னின்று நடத்திச் செல்பவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் ஸ்பீக்கர் எனப்படும் இவரது வேலை அதுவல்லவே!

முதல் மக்களவையைப் பார்த்தால் இது விளங்கும். தேர்தல் நடந்த 489 இடங்களில் 364 காங்கிரசுக்கு. 1952 மே 13 அன்று அவை முதன்முதலாகக் கூடியது. மே 15 அன்று ஸ்பீக்கர் தேர்தலில் ஜி.வி. மாவ்லங்கர் 394 வாக்கு பெற்றார். எதிர்த்து நின்ற சங்கர் சாந்தாராம் மோரேவுக்கு 55. துணைப் பொறுப்பு திருப்பதித் தொகுதியின் அனந்தசயனம் அய்யங்காருக்கு. 1956 பிப்ரவரியில் மாவ்லங்கர் இறந்தபின் அவரே ஸ்பீக்கரும் ஆனார்.

சரி, அந்த அவையின் 'நாயகர்' யார்? நேருதான். அரசின் அலுவல்களை அவையில் முன்னெடுத்துச் செல்பவரை அவை முன்னவர் என்கிறோம். அந்தப் பொறுப்பு பிரதமரான அவரிடம் இருந்தது. மாவ்லங்கரின் வேலை வேறு: யார் பேசலாம், எது ஒழுங்கு, எது ஒழுங்கல்ல என்று தீர்ப்பது. இரு பக்கமும் சமமாக வாக்கு விழுந்தாலொழிய அவருக்கு வாக்குக்கூடக் கிடையாது. அதற்காக அதிகாரம் குறைந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவையில் பத்தில் ஒரு பங்கு இடமாவது இருந்தால்தான் ஒரு கட்சிக்கு அங்கீகாரம் என்று வரையறுத்தவர் அவர்தான். அடுத்த பெரிய கட்சியான கம்யூனிஸ்டுகளுக்கு 16 இடமே. அவர்களின் தலைவர் ஏ.கே. கோபாலன் எவ்வளவு முழங்கினாலும் எதிர்க்கட்சித் தலைவர் என்ற தகுதி கிட்டவில்லை. அந்த இடம் 1969 வரை காலியாகவே கிடந்தது.

ஆங்கிலச் சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. 1377-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் தாமஸ் ஹங்கர்ஃபோர்டு ஸ்பீக்கரானபோது, மக்கள் பிரதிநிதிகளின் சார்பில் மன்னரிடம் போய்ப் பேசுவதுதான் வேலை. மன்னருக்குப் பிடிக்காத சேதி சொன்னால் தலைக்கே ஆபத்து. தலையை இழந்தவர்களும் உண்டு. புதிய ஸ்பீக்கரை வரமாட்டேன் என்பவரை இழுத்துப் போவதுபோல நாற்காலிக்குக் கூட்டிச் செல்லும் வழக்கம் லண்டனில் இன்றும் இருக்கிறது. இந்தியாவின் மத்திய சட்டமன்றத்திலோ 1947 வரை அந்தப் பதவியின் பெயர் 'பிரசிடென்ட்'. 1933-இல் அங்கே அமர்ந்த கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் பிரசிடென்ட்தான். நம் 'தலைவர்' அதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

ஆகவே மக்களவைத் தலைவர், பேரவைத் தலைவர் என்பவையே என் தேர்வு. 'அவை' குறளிலேயே இரண்டு அதிகாரங்களுக்குப் பெயர் கொடுத்த சொல்: அவையறிதல், அவையஞ்சாமை. அதுவும் சபாவிலிருந்து பிராகிருதம் வழியாக வந்ததே என்பாரும், இல்லை என்பாரும் உண்டு. இரண்டாயிரம் ஆண்டு புழங்கிய சொல்லுக்கு இனி என்ன பிறப்புச் சான்றிதழ்?

ஒரு சிக்கல் மட்டும். வெறுமனே 'அவைத்தலைவர்' என்று எழுதினால் திமுக, அதிமுக கட்சிப் பதவி என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். 'மாநிலங்களவைத் தலைவர்' என்றால் குடியரசுத் துணைத் தலைவர். 1952-இல் அங்கே அமர்ந்தவர் ராதாகிருஷ்ணன். அதனால் எந்த அவை என்பதை முன்னால் ஒட்டியே எழுத வேண்டும். இலங்கைத் தமிழில் 'சபாநாயகர்' இன்றும் அதிகாரபூர்வச் சொல். நாம் அவை முன்னவர் என்பவரை அங்கே 'சபை முதல்வர்' என்பார்கள். முதல்வர் ஒருவர், நாயகர் இன்னொருவர்!