வாய்தாவே தண்டனை: பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வக்கீல் சொல்வது

சம்மன் வந்த கையோடு ஆசிரியர்கள் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், உள்ளே வெச்சிருவாங்களா?" அவதூறு வழக்கில் அநேகமாக மாட்டார்கள். அதிகபட்சம் இரண்டு ஆண்டு தண்டனை, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். வழக்குப் போட வைத்தவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அவர்களுக்கு வாய்தா போதும்.

ஓர் அமைச்சரைப் பற்றி மாவட்டப் பதிப்பில் மூன்றாம் பக்கத்தில் வந்த ஒரு செய்திக்காகச் சென்னையில் இருக்கும் ஆசிரியர் ராத்திரி பஸ் பிடித்து, காலை பத்தரைக்குச் செஷன்ஸ் கோர்ட் வராந்தாவில் நிற்பார். கூடவே நிருபர். இதழின் கடைசிப் பக்க அடியில் பொடி எழுத்தில் பெயர் போட்ட பாவத்துக்கு அச்சிட்டவரும் வெளியிட்டவரும். பெயர் கூப்பிடுவார்கள், அரசு வக்கீல் வேறு கோர்ட்டில் இருப்பார், அடுத்த மாதம் ஒரு தேதி கிடைக்கும். வராமல் போனால் பிடிவாரண்ட். அதைத் தடுக்க ஒவ்வொரு முறையும் ஒரு மனு. பெரிய நாளிதழ் இதைத் தாங்கும். நாலு பேரை வைத்து நடக்கும் வாரப் பத்திரிகை, அந்த அமைச்சர் பெயர் வருகிற அடுத்த செய்தியைக் கிடப்பில் போட்டுவிடும். வழக்கு எதற்காகப் போடப்பட்டதோ அது அங்கேயே முடிந்துவிடுகிறது.

சாதாரண ஆளுக்கு அவதூறு நேர்ந்தால் அவரே மாஜிஸ்திரேட் முன் போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அமைச்சருக்கும் அரசு அதிகாரிக்கும் வேறு வழி இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199(2) பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 222ஆம் பிரிவு. அரசாணை ஒன்று, அரசு வக்கீலின் கையெழுத்து ஒன்று, நேரே செஷன்ஸ் கோர்ட். செலவு அரசுப் பணம். இவ்வளவு சுலபமாக இருந்தால் யார்தான் போடமாட்டார்கள்? 2016ல் உச்ச நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது, ஐந்து ஆண்டில் தமிழக அரசு போட்ட அவதூறு வழக்குகள் 213 என்று தெரிந்தது. அதில் 55 ஊடகங்கள் மீது.

என். ராம், நக்கீரன் கோபால் உள்ளிட்டோர் தொடுத்த மனுக்களில் 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அப்துல் குத்தூஸ் கொடுத்த தீர்ப்பை எல்லா ஆசிரியர்களும் மேஜையில் வைத்திருக்க வேண்டும். அவதூறு அந்த நபரின் அரசுப் பணியைத் தொட்டால்தான் அரசு வக்கீல் புகார் போட முடியும். சொந்த விவகாரம் என்றால் அவரே போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். அரசு வக்கீல் தபால் ஆபீஸ் மாதிரி நடந்துகொள்ளக் கூடாது, தானே யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. சம்மன் கட்டு வந்ததும் நான் முதலில் தேடுவது அரசாணையைத்தான். எந்த வரி அவதூறு, எந்த அரசுப் பணி சம்பந்தப்பட்டது என்று அதில் ஒன்றும் இல்லாமல், போன வழக்கின் ஆணையில் பெயரை மட்டும் மாற்றியிருந்தால் வழக்கையே ரத்து செய்யக் கேட்கும் குவாஷ் மனுவுக்குப் பாதி வேலை முடிந்தது.

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், நாற்காலி மாறினால் சட்டப்பிரிவு மாறும், அவ்வளவுதான். 1987ல் ஆனந்த விகடன் ஆசிரியருக்குச் சட்டமன்ற உரிமை மீறல். 2003ல் தி இந்து ஆசிரியர் குழுவினருக்கும் அதே ஆயுதம். 2018ல் நக்கீரன் கோபால் மீது, ஆளுநரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஆம் பிரிவு. எழும்பூர் மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்ய மறுத்துவிட்டார். 2025ல் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது, இது மத்திய அரசு. வெளியிடும் முன்பே மிரட்டல் கடிதம் வந்தாலும் பயப்பட வேண்டாம். தூக்குக் கைதி ஆட்டோ சங்கரின் தொடரை நிறுத்தச் சொல்லி சிறைத்துறை ஐ.ஜி. நக்கீரனுக்கு எழுதியபோது, அதிகாரிகளுக்கு அப்படி முன்தடை விதிக்க அதிகாரமில்லை என்று 1994லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அரசு விளம்பரத்தை நிறுத்தினால் அதற்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை. அதற்குச் சம்மனும் வராது, அரசாணையும் இருக்காது. பில் நிலுவையில் கிடக்கும், கேட்டால் "ஃபைல் மேலே போயிருக்கு" என்பார்கள். குவாஷ் பண்ண அதில் ஒரு காகிதம்கூடக் கிடைக்காது.

சரி, உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்டால் எழுத்தில் கேளுங்கள். மெயிலோ வாட்ஸாப்போ, நேரத்தோடு பதிவாகட்டும். போனில் கேட்டேன் என்பதை கோர்ட்டில் நிரூபிக்கப் பெரும்பாடு படவேண்டும். போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டால் எழுத்துபூர்வ நோட்டீஸ் கேளுங்கள். செல்போனை வாய்வார்த்தையில் கொடுக்காதீர்கள்; பறிமுதல் செய்தால், அதைப் பதிவு செய்யும் மகஜரின் நகல் வாங்குங்கள். அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கின் எஃப்.ஐ.ஆர். கசிந்த விவகாரத்தில் நிருபர்களிடம் வாங்கிய போன்களைத் திருப்பிக் கொடுக்கும்படி 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அப்புறம், அவதூறு சம்மன் வந்தால் செய்தி வெளியான தேதியையும் புகார் தாக்கலான தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அரசு வக்கீல் போடும் புகாருக்குக் கெடு ஆறு மாதம். ஒரு நாள் தாண்டியிருந்தாலும் அந்தக் காகிதத்தோடு நேரே வக்கீலிடம் வாருங்கள்.