முடியின் ஏழில் ஒரு பங்கு

வாசகர் ஒருவர் எழுதிய கேள்வி இது: "எங்கள் ஆய்வகத்தில் மேசை மீது ஒரு கைப்பிடி இயந்திரம் இருக்கிறது. அதில் வைத்து ஓர் எஃகு ஊசியை, அதாவது ஒரு சிறு உருளைத் தண்டை, ஒரு வளையத்துக்குள் இறக்கினார்கள். பசை கிடையாது, திருகாணி கிடையாது, பற்றவைப்பும் கிடையாது. இரண்டு ஆண்டுகளாகியும் அந்த ஊசி அசையவில்லை. எது பிடித்துக்கொண்டிருக்கிறது? கழற்றினால் மறுபடியும் போடலாமா?"

அந்த இயந்திரத்தின் பெயர் ஆர்பர் பிரஸ். லத்தீனில் 'ஆர்பர்' என்றால் மரம் என்று படித்துவிட்டு, மரவேலைக் கருவி என்று நினைப்பவர்கள் உண்டு. பட்டறையில் ஆர்பர் என்பது வேறு. நடுவில் துளையுள்ள ஒரு பாகத்தை லேத்தில் கடைய வேண்டுமென்றால், அதைப் பிடிக்கத் துளைக்குள் ஒரு தண்டைச் செருக வேண்டும். அந்தத் தண்டுதான் ஆர்பர். ஒரு மீட்டர் நீளத்துக்கு அரை மில்லிமீட்டர் என்ற அளவில், கண்ணுக்கே தெரியாத சரிவோடு அதைச் செய்திருப்பார்கள். சிறிய முனை சுலபமாக நுழையும். போகப் போக இறுகும். அதை இறுக்கவும் பிறகு தள்ளி எடுக்கவும் பிறந்த இயந்திரம் என்பதால் அதே பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது.

அமைப்பில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. சி வடிவ வார்ப்பிரும்புச் சட்டம், அதற்குள் மேலும் கீழும் நகரும் சதுரத் தண்டு, தண்டின் ஒரு பக்கத்தில் பற்கள், பற்களில் கோத்துக்கொண்ட ஒரு சிறு பல்சக்கரம், அந்தச் சக்கரத்தின் அச்சில் ஒரு நீண்ட கைப்பிடி. பள்ளியில் படித்த நெம்புகோல்தான். கைப்பிடி 400 மில்லிமீட்டர், பல்சக்கரத்தின் ஆரம் 15 மில்லிமீட்டர் என்றால் விசை கிட்டத்தட்ட 27 மடங்காகும். 20 கிலோ எடைக்கு நிகராகக் கையால் இழுத்தால், உராய்வில் போவது போக, கீழே அரை டன் கிடைக்கும். அதற்கு விலையாகக் கை 40 சென்டிமீட்டர் போனால் தண்டு ஒன்றரை சென்டிமீட்டர்தான் இறங்கும். பெரிய பிரஸ்களில் இன்னொரு ஜோடி பல்சக்கரங்களைச் சேர்த்து இந்தப் பெருக்கத்தை இன்னும் கூட்டுவார்கள். இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

எனக்குப் பிடித்த இடம் கீழே, ஊசியும் வளையமும் சந்திக்கும் இடம்.

ஊசியின் விட்டம் 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வளையத்தின் வெளிவிட்டம் 20, உயரம் 15. துளையின் விட்டம் 9.99 மில்லிமீட்டர். அதாவது ஊசி துளையைவிட 10 மைக்ரான் பெரியது. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதால், இது முடியில் ஏழில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு. விரலால் ஊசியைத் துளையின் வாயில் வைத்தால் ஓரச் சரிவு வரை நுழைந்து நின்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு தள்ளினாலும் போகாது.

பிரஸ்ஸின் கைப்பிடியை இழுக்கிறோம். ஊசி இறங்குகிறது. பெரியது எப்படிச் சிறியதற்குள் போனது? இரண்டும் விட்டுக்கொடுத்தன. எஃகு ரப்பரைப் போன்றதுதான், அளவுதான் வேறு. அழுத்தினால் சுருங்கும், இழுத்தால் விரியும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பத் துடிக்கும். இங்கே அந்த 10 மைக்ரானை இருவரும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. ஊசி முழுக் கட்டி, எளிதில் சுருங்காது. அது சுமார் இரண்டரை மைக்ரான் மட்டும் சுருங்குகிறது. மீதி ஏழரை மைக்ரானையும் வளையம் விரிந்து ஏற்றுக்கொள்கிறது. வளையம் திரும்பச் சுருங்கப் பார்க்கிறது, ஊசி திரும்ப விரியப் பார்க்கிறது. இருவருக்கும் வழியில்லை.

இந்த மல்லுக்கட்டில் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று கணக்கிடலாம். தடித்த சுவருள்ள உருளைகளுக்கான சூத்திரத்தைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் காப்ரியேல் லாமே 19ஆம் நூற்றாண்டிலேயே கொடுத்துவிட்டார். நம் எண்களை அதில் போட்டால் 75 மெகாபாஸ்கல் வருகிறது. கடலில் ஏழரை கிலோமீட்டர் ஆழத்தில் நீர் கொடுக்கும் அழுத்தம் அது. மேசை மீது சாதுவாக உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறு வளையத்துக்குள் ஓர் ஆழ்கடல் அடைபட்டுக் கிடக்கிறது, இரவும் பகலும், மின்சாரம் எதுவும் இல்லாமல்.

ஊசியின் பக்கப்பரப்பு முழுவதிலும் இந்த அழுத்தத்தைக் கூட்டினால் மூன்றரை டன்னுக்குமேல் வரும். எஃகுக்கும் எஃகுக்கும் எண்ணெய் தடவிய நிலையில் உராய்வு எண் சுமார் 0.12 என்று எடுத்துக்கொண்டால், ஊசியை நகர்த்த 430 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். வாசகரின் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். பிடித்துக்கொண்டிருப்பது உராய்வு. அதற்குத் தீனி போடுவது அந்த முடியின் ஏழில் ஒரு பங்கு. ரயில் பெட்டியின் சக்கரங்களும் அச்சில் இப்படித்தான் நிற்கின்றன. அங்கே கைப்பிடிக்குப் பதில் பெரிய ஹைட்ராலிக் பிரஸ், அவ்வளவே. அடுத்த முறை ரயிலில் ஏறும்போது, உங்களுக்குக் கீழே சுழலும் சக்கரத்தை உராய்வு மட்டுமே பிடித்திருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அல்லது நினைக்காமல் தூங்குங்கள்.

வேலையின் கணக்கு இதைவிட வேடிக்கையானது. ஊசி இறங்க இறங்கத் தொடும் பரப்பு கூடுகிறது. எனவே விசை சுழியத்தில் தொடங்கிச் சீராக ஏறி, கடைசியில்தான் 430 கிலோவைத் தொடுகிறது. சராசரி 215 கிலோ, தூரம் 15 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 32 ஜூல். மூன்று லிட்டர் தண்ணீர்க் குடத்தைத் தரையிலிருந்து இடுப்புயரத்துக்குத் தூக்கும் வேலை, அவ்வளவுதான். அதிலும் பெரும்பகுதி உராய்வில் சூடாகப் போய்விடுகிறது.

அந்தச் சீரான ஏற்றத்தைக் கை உணர்கிறது. கைப்பிடியை இழுக்கும்போது எதிர்ப்பு மெல்ல மெல்லக் கூடினால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். தொடக்கத்திலேயே முரண்டு பிடித்தால் ஊசி சாய்ந்து நிற்கிறது. பாதி வழியில் திடீரென்று லேசானால் வளையம் விரிசல் விட்டிருக்கலாம். கடைசியில் சுவரில் முட்டியது போல நின்றால் ஊசி அடியைத் தொட்டுவிட்டது. பெரிய தொழிற்சாலைகளில் இதே வேலைக்கு சென்சார் பொருத்திய பிரஸ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஊசிக்கும் விசை எதிர் தூரம் என்று ஒரு வரைபடம் திரையில் விழும். கோடு வழக்கத்திலிருந்து விலகினால் அந்தப் பாகம் ஒதுக்கப்படும். பழகிய கை அதே வரைபடத்தைத் தோளில் வாசிக்கிறது.

சுத்தியலில் இது கிடைக்காது. சுத்தியல் அடி என்பது சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் முடிந்துபோகும் தாக்குதல். உச்ச விசை எவ்வளவு என்று அடித்தவருக்கே தெரியாது. இதை நான் அனுபவித்துத்தான் கற்றேன். மாணவனாக இருந்தபோது ஒரு மோட்டாரின் பேரிங்கை, அதாவது இரு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருளும் தாங்கியை, வெளிவளையத்தில் தட்டித் தட்டித் தண்டில் ஏற்றினேன். ஏறியது. அன்று முழுவதும் பெருமையாக இருந்தேன். மறுநாள் மோட்டாரை ஓட்டியபோது அரிசி புடைப்பது போல ஒரு சத்தம். தண்டில் இறுகுவது பேரிங்கின் உள்வளையம். வெளிவளையத்தில் கொடுத்த அடியெல்லாம் நடுவிலிருந்த குண்டுகள் வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. குண்டு வளையத்தைத் தொடுவது ஒரு புள்ளி அளவு இடத்தில். அங்கே அழுத்தம் எகிறி, ஓடுபாதையில் குழிகள் விழுந்துவிட்டன. தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் தள்ள வேண்டும், பேரிங்கைச் சுற்றிப் பிடிக்கும் கூட்டுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தில் தள்ள வேண்டும். இதை அன்று யாரும் சொல்லித் தரவில்லை. அறையின் மூலையில் ஆர்பர் பிரஸ் தூசி மூடிக் கிடந்தது.

விசையைவிட அது விழும் பரப்பு முக்கியம் என்பதை ஆய்வகத்தில் நல்லவிதமாகவும் பயன்படுத்தலாம். தூளை அழுத்தி வில்லையாக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 13 மில்லிமீட்டர் விட்டமுள்ள அச்சுக்குழியில் அரை டன் கொடுத்தால் 37 மெகாபாஸ்கல்தான் கிடைக்கும். பல தூள்கள் உதிர்ந்துவிடும். அதே அரை டன்னை 3 மில்லிமீட்டர் அச்சுக்குழியில் கொடுத்தால் கிட்டத்தட்ட 700 மெகாபாஸ்கல். பிரஸ் அதே பிரஸ், கை அதே கை. பேட்டரி ஆய்வு செய்பவர்கள் மின்முனைத் தகடுகளிலிருந்து வட்டங்களை வெட்டி எடுப்பதும் இந்தக் கைப்பிடியில்தான். வெட்டும் விளிம்பின் பரப்பு மிகச் சிறியது என்பதால் சுத்தமாக வெட்டுகிறது.

இந்த வழியிலேயே கடைசிவரை போனவர்கள் சார்ல்ஸ் வெய்ர், எல்லிஸ் லிப்பின்காட், ஆல்வின் வான் வால்கன்பர்க், எல்மர் பன்டிங் என்ற நால்வர். அமெரிக்காவின் நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸில் 1958இல் இரண்டு வைரங்களின் சிறு முகங்களுக்கு நடுவே பொருளை வைத்து நசுக்கினார்கள். விசை கொடுத்தது எளிய நெம்புகோல் அமைப்பு. வைரங்கள் கடத்தல்காரர்களிடமிருந்து அரசு பறிமுதல் செய்தவை, செலவில்லாமல் கிடைத்தன. அந்தக் கருவியின் வழிவந்தவை இன்று பூமியின் மையத்தில் நிலவும் அழுத்தத்தையே மேசை மீது உண்டாக்குகின்றன. உள்ளங்கையில் அடங்கும் அவற்றில் பலவற்றைக் கையால் திருகாணி முறுக்கித்தான் இறுக்குகிறார்கள். ஆய்வு நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் ஒரு கைப்பிடி பிரஸ்ஸைச் சேர்த்தால் குழுவினர் ஏளனமாகப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். கோடிகளில் விலை போகும் கருவிக்கு எளிதில் தலையாட்டுகிறார்கள். அந்தக் கருவிக்குள் வைக்க வேண்டிய வில்லையை எதில் அழுத்துவது என்று கேட்பாரில்லை. இது என் தனிப்பட்ட எரிச்சல்.

பட்டறைகளில் உலவும் ஒரு மூடநம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் தடவினால் பிடி போய்விடும் என்று பலர் உலர்வாகவே இறக்குகிறார்கள். எண்ணெய் உராய்வைக் கொஞ்சம் குறைப்பது உண்மை. ஆனால் உலர்ந்த எஃகு மேற்பரப்புகள் அந்த அழுத்தத்தில் உரசும்போது அங்கங்கே ஒட்டிப் பிய்ந்து, ஆழமான கீறல்களாகி, ஊசி பாதியிலேயே மாட்டிக்கொள்ளும். அழுத்தம் போதுமான அளவு இருக்கும்போது மெல்லிய எண்ணெய்ப்படலம் எந்தப் பிடியையும் கெடுக்காது. ஒரே எச்சரிக்கை: அடிப்பக்கம் மூடிய துளை என்றால் தேங்கிய எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை. திரவம் சுருங்காது. ஊசி அடியைத் தொட்டதாகக் கை ஏமாறும். இன்னும் இழுத்தால் வளையம் வெடிக்கும். அத்தகைய துளைகளுக்கான ஊசிகளில் பக்கவாட்டில் ஒரு சிறு தட்டைப்பகுதியோ காற்றுத் துளையோ இருப்பது அதற்காகத்தான்.

கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கைப்பிடியின் நீளம்தான் அந்த இயந்திரத்தின் பாதுகாப்பு எல்லை. வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்காது, உடைந்துதான் சொல்லும். கடினப்படுத்திய ஊசி சாய்ந்த நிலையில் முறிந்தால் துண்டு பறக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அருகே போகக் கூடாது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கழற்றலாம். வளையத்தைப் பிரஸ் மேசையின் பிளவுக்கு மேல் தாங்கி, ஊசியை மறுபக்கத்திலிருந்து தள்ளுங்கள். இறக்கியபோது கடைசியில் தேவைப்பட்ட விசையைவிடக் கூடுதலாகத்தான் தொடக்கத்தில் கேட்கும்; பிறகு 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நகரும். வெளியே வந்த ஊசியைத் துடைத்து மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். அளக்குமுன் சிறிது நேரம் மேசையில் கிடக்கட்டும். கையில் பிடித்து 10 டிகிரி சூடேறினாலே ஒரு மைக்ரானுக்குமேல் பெருத்துக் காட்டும். மேற்பரப்பின் நுண்ணிய மேடுகள் நசுங்கியிருக்கும் என்பதால் விட்டம் ஓரிரு மைக்ரான் குறைந்திருக்கலாம். துளையும் அதேபோலத் தேய்ந்திருக்கும். அந்தப் பத்து மைக்ரானில் மூன்று மைக்ரான் போனால் பிடியிலும் பத்தில் மூன்று பங்கு போய்விட்டது. ஒரு முறை மறுபடியும் போட்டுப் பார்க்கலாம். கைப்பிடி முன்பைவிட லேசாக இறங்கினால், சற்றே பெரிய விட்டமுள்ள புது ஊசியைத் தேடுங்கள்.