எஸ்கியூஎல்7008 வந்தால் ‘வித் என்சி’ தீர்வல்ல

ஐபிஎம் ஐ என்ற ஐபிஎம்மின் சர்வர் இயங்குதளத்தில், டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஸ்டார்ட் எஸ்கியூஎல் திரையில் ஒழுங்காக ஓடும் அப்டேட் (வரிகளை மாற்றும் கட்டளை), ஆர்பிஜி மொழிப் புரோகிராமுக்குள் போனதும் எஸ்கியூஎல்7008 என்ற பிழையோடு விழுகிறதே, ஏன்? அப்டேட்டில் கோளாறு இல்லை. அந்தத் திரையில், யாரும் மாற்றாதவரை, கமிட் (மாற்றங்களை உறுதிசெய்வது) அமைப்பு ‘ஸ்டார் நன்’ (*NONE), அதாவது கமிட் கட்டுப்பாடு இல்லை. ஆனால் ஆர்பிஜியைக் கம்பைல் செய்யும்போதும் ரன் எஸ்கியூஎல் ஸ்டேட்மென்ட் கட்டளையிலும் நாம் எதுவும் சொல்லாவிட்டால் ‘ஸ்டார் சேஞ்ச்’ (*CHG) வந்துவிடும், அதாவது கமிட் கட்டுப்பாடு உண்டு. அப்படி வந்தால் மாற்றப்படும் ஃபைல் (டேபிள்) ஜர்னலில், அதாவது மாற்றங்களைப் பதிந்துவைக்கும் குறிப்பேட்டில், இருந்தே ஆக வேண்டும், ரோல்பேக் (மாற்றத்தைத் திரும்பப்பெறுவது) கேட்டால் பழைய மதிப்பைச் சிஸ்டம் அங்கிருந்துதானே எடுக்கும்?

இந்த இடத்தில்தான் பலரும் அப்டேட்டின் கடைசியில் ‘வித் என்சி’ (இந்தக் கட்டளைக்குக் கமிட் கட்டுப்பாடு வேண்டாம்) என்று சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள். பிழை மறைந்துவிடும், உண்மைதான். ஆனால் ஆயிரக்கணக்கான வரிகளை மாற்றும் அப்டேட் நடுவில் வேறொரு ஜாப் போட்டிருக்கும் லாக்கில் (பூட்டில்) மோதி நின்றால், அதுவரை மாறியவை மாறியபடியே கிடக்கும், மீதி பழையபடி இருக்கும், எது மாறியது எது மாறவில்லை என்று காட்ட ஜர்னலும் இருக்காது. கணக்கு, இருப்பு, சம்பளம் இருக்கும் ஃபைல்களில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஜாப் முடிந்ததும் மறைந்துவிடும் லைப்ரரியான க்யூடெம்ப்பில் இருக்கும் தற்காலிக ஃபைலா, சரி, தாராளமாகப் போடுங்கள்.

முதலில் அந்தச் செய்தியின் மேல் எஃப்1 அழுத்தி ரீசன் கோடை (காரண எண்ணை) பாருங்கள். 3 என்றால் ஃபைல் ஜர்னலில் இல்லை, அல்லது அந்த ஜர்னலுக்கு உங்களுக்கு அனுமதி இல்லை, அல்லது ஜர்னல் ஸ்டாண்ட்பை நிலையில் இருக்கிறது. செய்தியில் வரும் ஃபைல் பெயரையும் நிதானமாகப் படியுங்கள், ஒரு ஃபைலின் மாற்றத்தை இன்னொன்றுக்கும் கடத்தும் கேஸ்கேட் போன்ற கன்ஸ்ட்ரெயின்ட் (விதி) இருந்தால் தொடர்புடைய ஃபைல்கள் எல்லாம் ஒரே ஜர்னலில் இருக்க வேண்டும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. கிரியேட் ஸ்கீமா மூலம் உருவான லைப்ரரியில் ஜர்னல் தானாகவே வந்துவிடும். பழைய முறையில் உருவாக்கிய லைப்ரரியில் ரிசீவர் (ஜர்னல் பதிவுகள் சேரும் இடம்), ஜர்னல் இரண்டையும் நீங்களே உருவாக்கி, பிறகு ஸ்டார்ட் ஜர்னல் பிசிகல் ஃபைல் கொடுக்க வேண்டும். அதில் இமேஜஸ் இடத்தில் ‘ஸ்டார் போத்’ (*BOTH) போடுங்கள், பின்னாளில் மாற்றங்களைக் கழற்ற நேர்ந்தால் பழைய படம், அதாவது மாற்றத்துக்கு முந்தைய வரி, கையில் இருக்கும்.

ஜர்னல் ஆரம்பித்ததும் அடுத்த தலைவலி வரும். புரோகிராமில் கமிட் எழுத மறந்தால் மாற்றிய வரி லாக்கிலேயே நிற்கும், இன்னொரு ஜாப் அதே வரிக்குக் காத்திருந்து ‘ரெக்கார்டு இன் யூஸ்’ என்று விழும். ஒர்க் கமிட்மென்ட் டெஃபினிஷன் கட்டளையில் பார்த்தால் எந்த ஜாப் கமிட் செய்யாமல் பிடித்துவைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் ரிசீவர்கள், அவை வட்டை நிரப்பும் என்பதால் பேக்கப் எடுத்த பின்னரே அழிக்கும் ஏற்பாட்டை ஜர்னல் தொடங்கும் அன்றே செய்துவையுங்கள்.