பக்கங்களுக்கு எதற்கு மறுசீரமைப்பு?

சென்ற வாரம் ஒரு பயிற்சிக் கையேடு மெய்ப்புத் திருத்த என் மேசைக்கு வந்தது. கணினியில் கடிதம், அறிக்கை, புத்தகம் தயாரிக்கக் கற்றுக்கொடுக்கும் கையேடு. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியிருந்தார்கள். ஏழாம் பாடத்தின் தலைப்பு: ‘ஆவணத்தின் பக்கங்கள் மற்றும் பிரிவுகளை மறுசீரமைத்தல்.’ எதிரில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஃபைல் ஏதாவது கெட்டுப்போய்விட்டதா சார்? சீரமைக்கச் சொல்லியிருக்கிறார்களே?”

பதினைந்து ஆண்டுகளாக டி.டி.பி. வேலை பார்ப்பவர் அவர். மூன்றாம் அத்தியாயத்தைத் தூக்கி ஐந்தாவதற்குப் பின்னால் போடுவது அவருக்குக் காபி ஆற்றுவது போன்ற வேலை. தாம் தினமும் செய்யும் வேலையின் பெயரே அவருக்கு விளங்கவில்லை என்றால், புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிற மாணவனின் பாடு என்ன?

இந்த மறுசீரமைப்பை நான் பார்ப்பது முதல்முறை இல்லை. கைப்பேசிச் செயலியின் சின்னங்களை இடம் மாற்றினால் மறுசீரமைப்பு. படவில்லைகளை (ஸ்லைடுகளை) முன்னும் பின்னும் நகர்த்தினால் மறுசீரமைப்பு. வீட்டில் பீரோவைச் சுவரோரம் தள்ளினால்கூட, ஒரு வார இதழின் இல்லப் பக்கத்தில் அது அறைகலன் மறுசீரமைப்பு ஆகிவிட்டது. அன்றே எழுதியிருக்க வேண்டும்.

சொல்லின் கதை சிறியது. இங்கே மொழிபெயர்க்கப்பட்ட ஆங்கிலச் சொல் ‘ரீஅரேஞ்ச்’. அதன் உள்ளே இருக்கும் ‘அரேஞ்ச்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது; வரிசை என்று பொருள்படும் ‘ராங்’ அதன் அடி. படைவீரர்களை நிரையாக நிறுத்துவதற்கு வழங்கிய சொல், பிறகு பூச்சாடி வரை இறங்கி வந்தது. வரிசையில் வைப்பது ‘அரேஞ்ச்’, வைத்ததை வேறு வரிசையில் வைப்பது ‘ரீஅரேஞ்ச்’. அவ்வளவுதான். பழுது பார்ப்பதும் மேம்படுத்துவதும் இந்தச் சொல்லில் எங்கும் கிடையாது.

இனி நம்முடைய சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். மறு, சீர், அமைப்பு. சீர் என்றால் செம்மை, சிறப்பு, ஒழுங்கு. மணப்பெண்ணுக்குக் கொடுப்பதும் சீர், செய்யுளின் உறுப்பும் சீர். சீரமைப்பு என்றதும் தமிழ்நாட்டில் யாருடைய மனத்திலும் எழும் காட்சி ஒன்றே: தோண்டிப்போட்ட சாலை, தார் டின், ‘பணி நடைபெறுகிறது’ என்ற பலகை. சீர் கெட்டதைத்தான் சீரமைப்பார்கள். அதன் முன்னால் ‘மறு’வைச் சேர்த்தால், ஒருமுறை சீரமைத்தும் உருப்படாததை இரண்டாம் முறை சீரமைப்பது என்றாகிறது. ஒரு மாணவன் தன் கட்டுரையின் முன்னுரையைச் சற்றுக் கீழே தள்ள நினைத்ததற்கு இவ்வளவு பெரிய குற்றச்சாட்டா?

சொல் கெட்ட சொல் என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று இடம் உண்டு. மொழிவழி மாநிலங்களுக்கு வழிவகுத்த 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாநில மறுசீரமைப்புச் சட்டம் என்கிறோம். ஆந்திரத்திலிருந்து தெலங்கானாவைப் பிரித்த 2014-ஆம் ஆண்டுச் சட்டமும் மறுசீரமைப்புச் சட்டம்தான். 2022-இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்த பிறகு, கடன் மறுசீரமைப்பு என்ற தொடர் இல்லாமல் அங்கே செய்தித்தாளே வரவில்லை. மாநிலத்துக்கு எல்லை மாறியது, கடனுக்குத் தவணையும் வட்டியும் மாறின. பொருளின் கட்டமைப்பே மாறுகிற இடங்கள் இவை; அங்கே அந்தச் சொல் பொருந்துகிறது. அத்தியாயத்தை இடம் மாற்றும்போது அத்தியாயத்துக்குள் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. மாறுவது முன்னும் பின்னும் மட்டுமே.

அந்தத் தலைப்பில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. அதற்கு மொழிபெயர்ப்பாளரைக் குறைசொல்லிப் பயனில்லை, மூலமே அப்படித்தான். வேர்டு போன்ற சொற்செயலியில் ‘பக்கத்தை’ இடம் மாற்றவே முடியாது. படவில்லை தனிப் பொருள். பிடித்து இழுத்தால் வரும். வேர்டு கோப்பில் பக்கம் என்பது தனிப் பொருளாக இல்லை. எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது, தாள் நிறைந்த இடத்தில் மென்பொருள் அடுத்த தாளுக்குத் தாவுகிறது. மேலே இரண்டு வரி சேர்த்தால் நாலாம் பக்கத்தின் கடைசி இரண்டு வரிகள் ஐந்தாம் பக்கத்துக்குப் போய்விடும். ஆகவே அங்கே நகர்வது பக்கம் இல்லை, பகுதி. தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணியை (ஹெடிங் ஸ்டைல்) கொடுத்திருந்தால், இடப்புறம் திறக்கும் தலைப்புப் பட்டியலில் ஒன்றைப் பிடித்து மேலே இழுத்தால் போதும். அதன் கீழுள்ள துணைத்தலைப்பு, பத்தி, படம் எல்லாம் கூடவே வந்துவிடும். லிப்ரெஆபிஸில் எஃப்5 விசையை அழுத்தினால் திறக்கும் பலகத்திலும் இதே வசதி உண்டு. வெறுமனே எழுத்தைத் தடிப்பாக்கித் தலைப்புப்போல் காட்டியவர்களுக்கு அந்தப் பட்டியல் காலியாகத்தான் இருக்கும். நம் அலுவலகங்களில் வரும் கோப்புகளில் பெரும்பாலானவை அந்த வகை.

பக்கம் என்ற சொல்லே ‘புறம்’ என்னும் பொருளில் வருவது. அது ‘பகு’ என்ற வேரிலிருந்து வந்ததா, ‘பக்ஷ’த்திலிருந்து வந்ததா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ஏட்டுக்கு இரு புறம் உண்டு, ஒவ்வொரு புறமும் ஒரு பக்கம். ஓலைச்சுவடியில் ஏடு உண்மையிலேயே இடம் மாறும். ஒரு துளையில் நாராசம் என்னும் குச்சி, மறு துளையில் கயிறு, கயிற்றின் நுனியில் கிளிமூக்கு என்னும் ஓலைத்துண்டு என்று கட்டி வைத்ததெல்லாம் அது மாறிவிடக் கூடாது என்பதற்காகத்தான். கயிறு இற்றுப்போன சுவடியில் ஏடுகள் முன்பின்னாகக் கலந்து கிடக்கும்.

முன்பின்னாக! அச்சகத்திலும் பைண்டிங் கடையிலும் இன்றும் காதில் விழும் சொல் இது. பதினாறு பக்கங்களை ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் ஃபாரத்தில் ஒன்றாம் பக்கத்தை ஒட்டிப் பதினாறாம் பக்கமும், நாலாம் பக்கத்தை ஒட்டிப் பதின்மூன்றாம் பக்கமும் இருக்க வேண்டும். ஒட்டி நிற்கும் இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் 17 வரும். கூட்டல் தவறினால், மடித்தபின் பக்கங்கள் முன்பின்னாகிவிடும். அதைச் சரிசெய்யும் தொழிலாளி ‘மாற்றி அடுக்கு’ என்பார். மறுசீரமைப்பு அவர் வாயில் வராது.

இலக்கணக்காரர்களும் இந்த வேலைக்குப் பெயர் தேடித் தவித்தவர்கள் அல்லர். நன்னூல் நூலுக்குரிய முப்பத்திரண்டு உத்திகளைச் சொல்லும்போது, இரண்டாவதாகவே ‘ஓத்துமுறை வைப்பு’ என்கிறது. ஓத்து என்பது இயல். இயல்களை முறைப்படி வைப்பது ஓத்துமுறை வைப்பு. ஓத்து எது என்பதற்கு அதே நூல் தரும் விளக்கம்: ‘நேரின மணியை நிரல்பட வைத்தாங்கு ஓரினப் பொருளை ஒருவழி வைப்பது.’ ஒரே இன மணிகளை வரிசையாகக் கோத்து வைப்பதுபோல, ஓரினச் செய்திகளை ஓரிடத்தில் வைப்பது. நாம் வேண்டுவது எல்லாம் இந்த ‘வைப்பு’க்குள் இருக்கிறது. வைப்புமுறை என்ற சொல்லைத் தமிழாசிரியர்கள் இன்றும் புழங்குகிறார்கள். குறட்பாக்களின் வைப்புமுறை மணக்குடவர் உரையிலும் பரிமேலழகர் உரையிலும் ஒன்றாக இல்லை. பரிமேலழகர் திருக்குறளை மறுசீரமைத்தார் என்று எழுதிப் பாருங்கள், தமிழாசிரியர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறையான பொருள்கோளிலும் இதற்கு உறவுகள் உண்டு. பல அடிகளில் சிதறிக் கிடக்கும் சொற்களை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது கொண்டுகூட்டு. வெட்டி ஒட்டுவதன் பாட்டன் அது. எந்த அடியை முதலிலோ இடையிலோ ஈற்றிலோ வைத்தாலும் பொருளும் ஓசையும் கெடாதது அடிமறிமாற்று. மறிதல் என்றால் திரும்புதல், இடம் புரளுதல். ஓர் ஆவணத்தில் பகுதியை நகர்த்தும்போது நாம் கேட்கும் கேள்வியே இதுதான்: இந்தப் பகுதி அடிமறிமாற்றா, இல்லையா? பெரும்பாலும் இல்லை. ‘மேலே சொன்னபடி’ என்று ஒரு வரி எங்கோ பதுங்கியிருக்கும், நகர்த்தியபின் மேலே இருந்தது கீழே போயிருக்கும். பொருளடக்கத்தை எஃப்9 விசையால் புதுப்பித்துவிடலாம், கையால் அடித்த ‘மேலே’யை எந்த விசையும் திருத்தாது.

இதற்காகப் ‘பக்கமறிமாற்று’ என்று பொத்தானில் எழுதச் சொல்லவில்லை. எனக்கே சிரிப்பு வரும்.

மறுசீரமைப்பு வேண்டாம் என்பவர்கள் வேறு சில சொற்களை முன்வைக்கிறார்கள். ‘மறுவரிசைப்படுத்தல்’ ஓரளவு தேவலாம். ஆனால் வரிசைப்படுத்து என்பதை அகரவரிசை, எண்வரிசை என்று விதிப்படி அடுக்கும் கட்டளைக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இங்கே விதி எதுவும் இல்லை, எழுதுகிறவர் மனம்தான் விதி. ‘மீளமைப்பு’ என்பது அதைவிட ஆபத்து. மீள் என்றால் பழைய நிலைக்குத் திரும்புதல். அந்தப் பெயருள்ள பொத்தானை அழுத்தினால் செய்த மாற்றமெல்லாம் போய்விடும் என்று பயந்து விரலை எடுத்துவிடுவார்கள். பயப்படுவதும் நியாயம்தான். ‘நிரல்மாற்றம்’ அழகான சொல், பொருளும் சரி. ஆனால் நிரலைக் கணினிக்காரர்கள் எழுதும் கட்டளைத் தொகுப்புக்குக் கொடுத்தாகிவிட்டது. கொடுத்ததைத் திரும்பக் கேட்பது முறையில்லை.

அதே கையேட்டின் அடுத்த பக்கத்தில் ‘பிரிவு முறிப்பைச் செருகவும்’ என்று இருந்தது; ஆங்கிலத்தில் ‘செக்‌ஷன் பிரேக்’. நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். தமிழில் பிரிவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பிரிவாற்றாமை. திருக்குறளில் 116-ஆம் அதிகாரம். பிரிவை முறித்தால் தலைவனும் தலைவியும் சேர்ந்துவிட மாட்டார்களா? அங்கே உண்மையில் நடப்பது இது: ஒரு பகுதி முடிந்தது, இனி ஓரமும் தலைக்குறிப்பும் தாளின் கிடப்பும் வேறாக இருக்கலாம் என்று ஓர் எல்லைக்கல் நடுகிறோம். ‘பகுதி எல்லை’ என்றால் ஏழாம் வகுப்புப் பையனுக்கும் விளங்கும். அந்தக் கல்லில்தான் அதற்கு முந்தைய பகுதியின் ஓர அளவும் மற்றவையும் பதிந்திருக்கின்றன. கல்லைப் பிடுங்கினால் முந்தைய பகுதி அடுத்த பகுதியின் தோற்றத்தை எடுத்துக்கொள்ளும். கிடைமட்டத் தாளில் போட்ட அட்டவணை திடீரென்று நிமிர்ந்து நின்று, பாதி நெடுவரிசைகள் தாளுக்கு வெளியே போவது இதனால்தான். இடம் மாற்றும்போது எல்லைக்கல்லையும் சேர்த்து எடுக்கிறோமா, விட்டுவிடுகிறோமா என்பது அவ்வளவு முக்கியம். முறிப்பு, முறிவு என்று படிக்கிற மாணவனுக்கு இது எந்தக் காலத்திலும் மனத்தில் நிற்காது. எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு போடலாம், இதற்கு என்ன போடுவது?

மொழிபெயர்ப்பாளர்களின் நிலையும் எனக்குத் தெரியாதது இல்லை. மென்பொருளின் சொற்கள் அவர்களுக்கு அட்டவணையாக, ஒரு வரிக்கு ஒரு சொல்லாக வரும். அந்தச் சொல் எந்தப் பொத்தானில், எந்தப் படத்துக்குக் கீழே இருக்கிறது என்பது கண்ணில் படாது. அகராதியைத் திறந்து முதலில் இருப்பதை எடுத்து வைக்கிறார்கள். கையேடு எழுதுபவருக்கு அந்தச் சாக்கு கிடையாது. அவருக்கு முன்னால் முழுப் பாடமும் படமும் இருக்கின்றன. இருந்தும் ‘மறுசீரமைப்பை மேற்கொள்ளவும்’ என்று எழுதுகிறார். மாற்று என்ற வினை கையருகே இருக்க, அதைப் பெயராக்கி, கனமாக்கி, பிறகு அதைத் தூக்க ‘மேற்கொள்’ளைக் கூப்பிடுகிறார். தனித்தமிழா, கலப்புத் தமிழா என்ற கவலை எனக்கு அவ்வளவாக இல்லை. ஃபைல் என்று எழுதினால் முகம் சுளிக்க மாட்டேன், அதில் குழப்பம் இல்லை. வடசொல் ஒன்றும் கலவாத மறுசீரமைப்புதான் என் தட்டச்சுக்காரரைக் குழப்பியது.

ஆகவே என் முடிவு: விளக்க உரையில் ‘பகுதிகளின் வைப்புமுறையை மாற்றுதல்’; பொத்தானில் ‘இடமாற்று’. எழுத்தை எண்ணிப் பார்த்தேன். மறுசீரமை ஐந்து எழுத்து, இடமாற்று ஐந்து எழுத்து. பொத்தானில் இடம் போதாது என்ற வழக்கமான பதில் செல்லாது.

திருத்திய தாளைத் தட்டச்சுக்குக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இடமாற்றமா? மூணாம் அத்தியாயத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டரா சார்?”

தாளைத் திரும்ப வாங்கி, ‘இடமாற்று’ என்பதை அடித்துவிட்டு ‘முன்பின் மாற்று’ என்று எழுதினேன். ஏழு எழுத்து வருகிறது. பொத்தானைத்தான் கொஞ்சம் அகலமாக்க வேண்டும்.