‘கூட்டு முட்டை’ யாருடைய முட்டை?

ஓய்வுக்காலச் சேமிப்பு பற்றி யார் பேச வந்தாலும் இந்தச் சொல் கூடவே வந்துவிடுகிறது. ‘உங்கள் கூட்டு முட்டையை இன்றே தொடங்குங்கள்’, ‘ஓய்வுபெறும்போது உங்கள் கூட்டு முட்டை எவ்வளவு இருக்கும்?’ என்று திரையில் காட்டுகிறார்கள், கையேட்டில் அச்சடிக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். மலேசியாவின் பாகான் செராய் மாதிரி ஊரில் அந்தச் சேமிப்பு விளக்கக் கூட்டத்துக்கு வந்து உட்காருகிறவர்கள் செம்பனைக் குலை வெட்டியவர்கள், பழைய பால்மரக் காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) பால் வடியும் மங்கு துடைத்தவர்கள், தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவர்கள். தமிழ் தெரியாதவர்கள் அல்லர். இருந்தும் பணப் பேச்சின் நடுவே முட்டை எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. எழுந்து கேட்க யாருக்கும் மனம் வராது. தலையாட்டிவிட்டு மீ கோரேங் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் அது ‘நெஸ்ட் எக்’. ‘நெஸ்ட்’ என்றால் கூடு, ‘எக்’ என்றால் முட்டை. கோழி முட்டையிடும் இடத்தில் எடுக்காமல் விட்டுவைக்கும் ஒரு முட்டைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர். பிற்பாடு, மேலும் சேர்வதற்கென்று ஒதுக்கிவைத்த பணத்துக்கும் ஆகிவந்தது. பணத்தைக் குறிக்கும் பொருளுக்கே 300 ஆண்டு வயது இருக்கும். சொல்லின் கதை அவ்வளவுதான்.

அந்த ஒரு முட்டையின் வேலையைக் கோழி வளர்த்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) முட்டையிட்ட இடத்தைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டால், உடும்போ பாம்போ வந்து போன இடம் என்று எண்ணி அடுத்த முட்டையைச் செம்பனை அடியிலோ லாலான் புல் புதரிலோ போய் இட்டுவிடும். ஒரு முட்டை கிடந்தால் இடம் பத்திரம் என்று அங்கேயே திரும்பி வரும். விட்டுவைப்பதும் ஒன்றுதான் இருக்க வேண்டும். நாலைந்து சேரவிட்டால் கோழி அடைக்கு உட்கார்ந்துவிடும், முட்டையிடுவது நின்றுவிடும். விட்ட முட்டையில் கரியால் ஒரு கோடு போடாவிட்டால் எது பழையது என்று தெரியாமல் அதையே ஒருநாள் வாணலியில் உடைப்போம். நம் ஊர் வெக்கையில் அது வாரத்துக்குள் கெட ஆரம்பிக்கும், வெடித்தால் அந்த இடத்தைக் கோழியே வெறுத்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை முட்டையை மாற்ற வேண்டும், அல்லது போலி முட்டை வைக்க வேண்டும். கோல்ஃப் பந்து போதும். பிங்பாங் பந்து கனமில்லாததால் காலால் தள்ளிவிடும். ஈஸ்டருக்கு விற்கும் பிளாஸ்டிக் முட்டை கிடந்தால் உள்ளே மணலை இட்டு, மூட்டில் பசை தடவி ஒட்டி வைக்கலாம். கோழி ஏற்றுக்கொள்ளும்.

ஆக, முட்டையை விட்டுவைக்கும் வழக்கம் நமக்கும் உண்டு. அதைப் பணத்துக்கு உவமையாக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் கடந்து வர வேண்டிய இடம் இதுதான். அவர் அகராதியில் இரண்டு சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இலக்கணப்படி குறை சொல்ல முடியாது என்பதை முதலில் ஒத்துக்கொள்ளலாம். காடு காட்டுப்பன்றி ஆவது போல, வீடு வீட்டு வாசல் ஆவது போல, கூடு கூட்டு முட்டை ஆவது முறைதான். சிக்கல் பொருளில் இருக்கிறது. ‘கூட்டு’ என்ற வடிவம் தமிழில் ஏற்கெனவே வேறு ஆட்கள் குடியிருக்கும் வீடு. கூட்டுறவு, கூட்டுக்குடும்பம், கூட்டு முயற்சி என்று எங்கே பார்த்தாலும் பலர் சேர்ந்தது என்றுதான் பொருள். மலேசிய இந்தியர் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பணம் கட்டிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடம் போய்க் கூட்டு முட்டை என்றால், பத்துப் பேர் பங்குபோட்ட முட்டை என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். சமையல்கட்டில் கேட்டால் பூசணிக்காய்க் கூட்டில் போட்ட முட்டை. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் கூட்டு வட்டி வேறு இருக்கிறது. ‘கூட்டு வட்டியில் வளரும் உங்கள் கூட்டு முட்டை’ என்று எழுதினால் முதல் கூட்டுக்கு ஒரு பொருள், இரண்டாவது கூட்டுக்கு இன்னொரு பொருள். படிக்கிறவர் என்ன செய்வார்?

மலேசியாவில் இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. இங்கே ‘கூட்டு’ என்றாலே சீட்டுப் பணம். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 200 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் சேருவது 2,000 வெள்ளி. குலுக்கியோ ஏலம் விட்டோ மாதம் ஒருவர் எடுப்பார். கூட்டுப் பிடிக்கிறவர் பெரும்பாலும் முதல் மாதமே தன் பங்கை எடுத்துக்கொள்வார். இரண்டாம் மூன்றாம் மாதத்தில் எடுத்தவர் அதற்குப்பின் கட்டாமல் தோட்டம் மாறிப் போனால் கடைசி ஆள்கள் நஷ்டப்படுவார்கள். சண்டையெல்லாம் அங்கேதான் தொடங்கும். மலாய்க்காரர்கள் இதை நம்மிடமிருந்து எடுத்து ‘குத்து’ என்கிறார்கள் (மலாயில் தலைப்பேனுக்கும் அதே சொல்தான், அது தனிக் கதை). கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதைத் தடுக்க 1971இல் இயற்றிய சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே ‘கூட்டு’ என்ற தமிழ்ச் சொல் நிற்கிறது. நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறிய நம் சொல்லை, சட்டப்படி முதலீடு செய்யச் சொல்லும் கையேட்டில் கொண்டுவந்து வைக்கிறார்கள். கேட்கிறவர் சந்தேகப்படாமல் இருந்தால்தான் அதிசயம்.

சரி, ‘கூடு’ என்ற பகுதியாவது சரியா? கோழிக்கூடு என்றால் நமக்குக் கோழியை இரவில் அடைக்கும் கூடு. முட்டையிடும் இடம் அது இல்லை. கோழி முட்டையிடுவது பழைய கூடையில், வைக்கோல் போட்ட பெட்டியில், கிழிந்த சாக்கில். அந்த இடத்தை யாரும் கூடு என்பதில்லை. மரத்தில் குருவி கட்டுவதுதான் கூடு. பாகான் செராய் இருக்கும் கிரியான் மாவட்டக் கரையோரத்தில் கூடு என்று விலை பேசினால் அது சாப்பிடுவதற்கென்று விற்கும் உழவாரக் குருவிக் கூடு. சன்னல் இல்லாத உயரக் கட்டடங்களில் ஒலிபெருக்கி வைத்து அந்தக் குருவியை வரவழைக்கிறார்களே, அந்த வியாபாரம். ஆக, கூட்டு முட்டை என்பதை நேர்ப்பொருளில் எடுத்தாலும் மூலத்தின் பொருள் கிடைக்கவில்லை.

கடைசியாக முட்டை. தமிழ்ப்பள்ளியில் படித்த எவருக்கும் முட்டை என்றால் என்ன மதிப்பெண் என்று தெரியும். ‘உங்கள் சேமநிதிக் கணக்கில் ஒரு முட்டை’ என்று சொல்லி யாரை மகிழ்விக்கப் போகிறோம்?

‘நேர் மொழிபெயர்ப்பு புதுமை தரும், பொன் முட்டையிடும் வாத்து தமிழாகிவிடவில்லையா’ என்பார்கள். ஆகிவிட்டதுதான். அது ஒரு கதையோடு வந்தது. வாத்தை அறுத்தவன் என்ன ஆனான் என்று குழந்தைக்கும் தெரியும். பரமார்த்த குருவின் சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கி வந்ததும் கதை தெரிந்ததால்தான் சிரிப்பு. கூட்டு முட்டைக்குப் பின்னால் கதை எதுவும் இல்லை.

இதே கையேடுகளில் அடுத்த பக்கத்தில் தவறாமல் வருவது ‘எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் போடாதீர்கள்’. இது அவ்வளவு மோசமில்லை, படம் கண்ணுக்குத் தெரிகிறது. கூடை விழுந்தால் எல்லாம் போச்சு என்று புரியும். ஆனால் இந்த ஊரில் முட்டை வருவது கூடையில் இல்லை, பாப்பானில், அதாவது முட்டை அடுக்கும் தட்டில். ஒரு பாப்பானுக்கு 30 முட்டை. மோட்டார் சைக்கிளில் இரண்டு பாப்பானைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் நடு வரிசை நொறுங்கும், தளர்த்திக் கட்டினால் மேல் தட்டு சரியும். கூடைக்கு அங்கே வேலையே இல்லை. தமிழில் இதற்கு நேரான பழமொழி தேடி அலைகிறவர்கள் ‘ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்’ என்பதை இழுத்து வருகிறார்கள். அது இரண்டும்கெட்டானைப் பழிக்கும் பேச்சு, அறிவுரைக்கு நேர் எதிர். ‘பணம் முழுவதையும் ஒரே இடத்தில் முடக்காதீர்கள்’ என்றால் தீர்ந்தது. முதலை முடக்குவது என்பது கடைக்காரர் வாயில் நாளும் புழங்கும் தமிழ்.

கூடு என்ற சொல் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. அங்கே அதை விட்டுவிட்டார்கள். ஈஸ்டர் பாஸ்கா ஞாயிறு நெருங்கினால் குடும்ப விழா அறிவிப்பில் ‘ஈஸ்டர் கூடைப் போட்டி’ என்று போடுகிறார்கள். வெறும் கூடையைக் கண்டு பிள்ளைகள் முழிக்கிறார்கள். அந்தக் கூடை முதலில் கூடாகத்தான் இருந்தது. ஜெர்மன் வீடுகளில் ஈஸ்டர் முயல் வந்து முட்டையிட்டுப் போகும் என்று பிள்ளைகள் புல்லாலும் பாசியாலும் கூடு கட்டி வைப்பார்கள். ஈஸ்டர் முட்டையைப் பற்றி 1682இல் நூல் எழுதிய ஜெர்மன் மருத்துவர் ஃபிராங்கெனாவ் இந்த முயலைக் குறிப்பிட்டிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் குடியேறியவர்கள் வழக்கத்தையும் கொண்டு போனார்கள். அங்கே பிள்ளைகள் தங்கள் தொப்பியையே கூடாக வைத்தார்கள். அது பிறகு கூடையானது. போலந்துக்காரர்களின் கூடைக்கு வேறு பிறப்பு. பெரிய சனிக்கிழமையன்று முட்டை, ரொட்டி, உப்பு, இறைச்சி எல்லாம் அடுக்கிக் கோயிலில் மந்திரிக்கக் கொண்டுபோகும் உணவுக் கூடை அது. இரண்டையும் ஒரே பெயரில் கலக்காமல், பிள்ளைகளுடையதை ‘முயல் கூடு’ என்றும் மற்றதைப் ‘பாஸ்கா உணவுக் கூடை’ என்றும் எழுதினால் தெளிவு. உள்ளே மெத்தென்று போட லாலான் வேண்டாம், விளிம்பு விரலைக் கீறும். கிரியானில் வைக்கோலுக்கா பஞ்சம்?

பாஸ்காவுக்கும் முட்டைக்கும் என்ன தொடர்பு என்றால், ஐரோப்பாவில் முன்பு தவக்காலம் முழுக்க இறைச்சியோடு முட்டையும் விலக்கு. நம் கத்தோலிக்கர்களின் ஒருசந்தி (ஒருவேளை உணவு), சுத்தபோசனம் (இறைச்சி விலக்கு) இவற்றைவிடக் கடுமை. மனிதன் நோன்பிருந்தான், கோழி இருக்கவில்லை. சேர்ந்துபோன முட்டைகளை வேகவைத்துச் சாயம் தோய்த்து விழா நாளில் கொடுத்தார்கள். 1290இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் மன்னர் வீட்டுக் கணக்கில் 450 முட்டைக்கு 18 பென்ஸ் செலவு எழுதப்பட்டிருக்கிறது. சாயம் தோய்த்தல் என்பதையும் ‘வர்ணம் தீட்டுதல்’ என்றே மொழிபெயர்க்கிறார்கள். பிள்ளைகள் தூரிகையோடு வந்து போஸ்டர் சாயத்தைத் தீட்ட, அது முட்டையை உரிக்கும்போது கையெல்லாம் ஒட்டுகிறது. தோய்ப்பதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலைப் போட்டு அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து, முட்டையை அதிலேயே இட்டுச் சூடேற்றிப் பன்னிரண்டு நிமிடம் வேகவைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சில்லென்ற முட்டையைக் கொதிநீரில் போட்டால் வெடிக்கும். வினிகர் கூடினால் ஓடு அரித்துப் புள்ளி விழும். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பழுப்பு முட்டை, அதில் சாயம் அவ்வளவு பளிச்சென்று எடுபடாது. வெளிறிய ஓடுள்ள கம்பத்துக் கோழி முட்டையோ வாத்து முட்டையோ வாங்க வேண்டும். பிள்ளைகள் தேடி எடுக்க ஒளித்து வைப்பதானால் எத்தனை வைத்தோம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த அவித்த முட்டை தின்பதற்கில்லை.

மீண்டும் பணத்துக்கு வருவோம். நல்ல தமிழ் எது? வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து அரிசி டின்னுக்குள் வைக்கும் பணத்துக்குச் ‘சிறுவாடு’ என்று அழகான சொல் இருக்கிறது. ஆனால் அதில் கணவனுக்குத் தெரியாமல் என்ற நெடி உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ‘உங்கள் சிறுவாடு எவ்வளவு’ என்று கேட்பது உசிதமில்லை. மேலும் சேருவதற்கு மூலமாக விட்டுவைப்பது என்ற ஆதிப்பொருள் வேண்டுமென்றால் விதைநெல் இருக்கிறது. 1906இல் நீர்ப்பாசனம் வந்த, நெல் விளையும் கிரியான் வட்டாரத்தில், பசித்தாலும் விதைநெல்லைக் குத்தித் தின்னாதே என்றால் யாருக்கும் உரை வேண்டியதில்லை. ஓய்வுக்காலப் பணத்துக்கு ‘முதுமைச் சேமிப்பு’ போதும். கையேட்டின் மலாய்ப் பக்கத்தில் ‘சிம்பானான் ஹாரி துவா’ என்று அதைத்தான் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் கிடந்த மலாயைப் பார்க்காமல் ஆங்கிலத்துக்கு ஓடியவரை என்னவென்று சொல்வது?

சேமிப்பு, சேமநிதி இரண்டிலும் உள்ள சேமம் வடமொழி க்ஷேமம்தானே, ஏமம் என்ற பழந்தமிழ்ச் சொல் இருக்க அது எதற்கு என்று தனித்தமிழ் அன்பர் ஒருவர் கேட்கலாம். ஏமம் குறளில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘ஏம வைப்பு’ என்று மேடையில் சொன்னால், சீட்டுப் பணத்தில் ஏமாந்தவர்கள் நிறைந்த மண்டபத்தில் அது எப்படிக் காதில் விழும்? ஊழியர் சேமநிதி 1951இலிருந்து வீட்டுக்கு வீடு புழங்கும் சொல். அதை விட்டுவிடலாம்.

சொல்லை மாற்றுகிறவர்கள் அட்டைப்படத்தையும் மாற்றிவிட வேண்டும். ‘முதுமைச் சேமிப்பு’ என்று திருத்திவிட்டு, மேலே வைக்கோல் கூட்டில் மூன்று முட்டை கிடக்கிற படத்தை அப்படியே விட்டால், சேமநிதியில் இனி முட்டையும் கொடுக்கிறார்களா என்று முகப்பில் வந்து நிற்பார்கள்.