ஒரு பல்தானே என்று விட்ட இடம்

மும்பை தாராவியில் 90 அடி சாலைக்கு அருகே இருக்கும் என் சிறிய பல் மருத்துவமனைக்கு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே இட்லி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் சென்ற மழைக்காலத்தில் வந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டதாகவும், இப்போது கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருப்பதால் அந்த இடத்தில் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் வேரும் அதன்மேல் செயற்கைப் பல்லும்) வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். கண்ணாடியை அவர் கையில் கொடுத்துக் காட்டினேன். வெற்றிடத்துக்கு நேர் மேலே இருந்த பல் கீழே இறங்கி, ஈறைத் தொட ஒரு நெல்மணி அளவே மீதமிருந்தது. பின்னால் இருந்த பல் லேசாக முன்னோக்கிச் சாய்ந்திருந்தது.

“இது எப்ப எறங்குச்சு டாக்டரம்மா? ஒரு வலியும் தெரியலையே!”

வலிக்காது என்பதுதான் இதிலுள்ள சங்கடம். எதிர்ப்பல்லும் பக்கத்துப் பல்லும் தாங்கிக்கொண்டிருக்கும் வரைதான் ஒரு பல் தன் இடத்தில் நிற்கும். பிடுங்கிய குழியைச் சுற்றியுள்ள தாடை எலும்புக்கோ அதற்குப்பின் வேலையில்லை. முதல் ஓராண்டுக்குள் அதன் அகலம் பாதி வரைகூடக் குறையக்கூடும், அதிலும் பெரும்பங்கு முதல் 3 மாதங்களிலேயே கரைந்துவிடுகிறது. ஆகவே, ஞானப்பல் நீங்கலாக எந்தப் பல்லைப் பிடுங்கினாலும், அந்த இடத்தை என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பிடுங்கும் அன்றே பேசிவிடுவது நல்லது.

வெற்றிடத்தின் இருபுறப் பற்களையும் தாங்கலாக்கி நடுவே செயற்கைப் பல் வைக்கும் பிரிட்ஜ் கட்டுவதற்கு, அந்த இரண்டு பற்களையும் ராவ வேண்டும். அவை ஏற்கெனவே அடைத்தவையாகவோ கேப் என்னும் உறை தேவைப்படுபவையாகவோ இருந்தால் தயங்காமல் கட்டுவேன்; பழுதில்லாத பற்களை ராவ எனக்கு மனம் வருவதில்லை. டைட்டானியம் எலும்போடு ஒட்டி வளர்வதைக் கண்டறிந்த ஸ்வீடன் நாட்டு பிரோனமார்க், 1965-இல் முதல் நோயாளிக்கு இம்பிளான்ட் பொருத்தினார். இன்றும் அந்த ஒட்டுதலுக்குப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். ‘ஒரே நாளில் பல்’ என்பது எலும்பும் கடியும் இடங்கொடுக்கும் சிலருக்கே பொருந்தும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இம்பிளான்ட் தோற்கும் வாய்ப்பு கூடுதல். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கழற்றி மாட்டும் பல் செட் செலவு குறைந்தது. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், வெந்நீர் ஆகாது. தெருவோரத்தில் கம்பி கட்டி, உடனே இறுகும் அக்ரிலிக்கைப் பூசி ‘ஃபிக்ஸ்’ செய்துவிடும் பல்லை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கடியில் உணவு அழுகி, தாங்கி நிற்கும் நல்ல பற்களும் ஆட்டங்கண்டு வருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைக்கும் ரூட் கெனால் செய்து காப்பாற்ற முடிந்தால், பிடுங்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வலி நின்றதும் பலர் கேப் போட வருவதில்லை; ஓரிரு ஆண்டுகளில் கடைவாய்ப் பல் நடுவே பிளந்தபின் வருவார்கள். அப்போது பிடுங்குவதைத் தவிர வழியிருக்காது.

அண்ணாச்சிக்கு இறங்கிய மேல்பல்லைக் குறைத்தால்தான் கீழே இடம் கிடைக்கும். குறைத்தால் நரம்பு வெளிப்படும் என்பதால் அதற்கு ரூட் கெனால் செய்து, ராவி, கேப் போட்டேன். பிறகுதான் கீழே இம்பிளான்ட் வைத்து, நான்கு மாதம் கழித்துப் பல் பொருத்தினேன். இப்போது நன்றாக மென்று சாப்பிடுகிறார். சொத்தை ஒன்றும் இல்லாதிருந்த அந்த மேல்பல்லை நினைத்தால்தான் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.