ரெகுலேட்டர்: சீராக்கியா, ஒழுங்கியா?

நண்பரின் டர்போ காருக்கு, பெட்ரோல் அழுத்தத்தை வேண்டிய அளவில் வைக்கும் அட்ஜஸ்டபிள் ஃபியூவல் பிரஷர் ரெகுலேட்டர் மாட்ட சிங்கப்பூர் காக்கி புக்கிட் பட்டறை ஒன்றுக்குப் போனோம். தினமும் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வேலைக்கு வரும் தம்பி ஒருவர்தான் மாட்டினார். எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து ரெகுலேட்டருக்கு வரும் மெல்லிய ரப்பர் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்தார். எஞ்சினை ஓடவிட்டு, லாக் நட்டைத் தளர்த்தி, ஆலன் சாவியால் திருகை மெல்லத் திருப்பினார். மீட்டர் முள் நடுங்கி நடுங்கி 3 பார் அழுத்தத்தில் வந்து நின்றது. "குழாயக் கழட்டாம செட் பண்ணா கணக்கு தப்பாயிரும்ணே."

"இதுக்குத் தமிழ்ல என்ன தம்பி?"

"ரெகுலேட்டர்தாண்ணே."

தப்பில்லை. ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும், கேஸ் சிலிண்டர் தலையில் உட்கார்வதும் நமக்கு ரெகுலேட்டர்தான். சொல் லத்தீன் வழி வந்தது. 'ரெகுலா' என்றால் நேரான கோல். அதிலிருந்து அளவுகோல், அப்புறம் விதி. அரசனைக் குறிக்கும் 'ரெக்ஸ்' என்ற சொல்லுக்கும் அதே வேர். தமிழிலும் அளக்க ஒரு கோல், ஆள ஒரு கோல். நேராக இருந்தால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது, ஆனாலும் புத்தி ஒரே வழியில் போயிருக்கிறது.

கலைச்சொல் பட்டியல்களில் இதற்கு 'சீராக்கி' என்று இருக்கும். கேஸ் அடுப்புக்கு அது கச்சிதம். சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி இருந்தாலும் அடுப்புக்குப் போவது ஒரே அளவு. டர்போ எஞ்சினில்தான் இந்தச் சொல் உதைக்கிறது.

எஞ்சினுக்குள் பெட்ரோல் விடும் இன்ஜெக்டருக்கு ஒரு பக்கம் பெட்ரோலின் அழுத்தம், மறுபக்கம் மேனிஃபோல்டில் இருக்கும் காற்றின் அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. டர்போ காற்றை அமுக்கித் தள்ளி 1 பார் பூஸ்ட் கொடுக்கும்போது பெட்ரோல் 3 பாரிலேயே நின்றால், வித்தியாசம் 2 பார்தான். இன்ஜெக்டர் அதே நேரம் திறந்திருந்தாலும் பெட்ரோல் சுமார் 18 விழுக்காடு குறைந்துவிடும். காற்று கூடிய நேரத்தில் பெட்ரோல் குறைந்தால் முதலில் கலவை தானாக வெடித்துத் தட்டும் நாக்கிங், அப்புறம் பிஸ்டனே உருகும். அதைத் தடுக்கத்தான் அந்த ரப்பர் குழாய். பூஸ்டைக் கொண்டுவந்து ரெகுலேட்டரின் சவ்வை அமுக்கும். பெட்ரோல் 4 பாருக்கு ஏறும். வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலில் வெற்றிடம் சவ்வை இழுப்பதால் 3-க்குக் கீழே இறங்கும். குழாயை மாட்டிவிட்டால் முள் ஓரிடத்தில் நிற்கவே நிற்காது. 'சீராக்கி' என்ற பெயரை நம்பியவர், சாமான் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போவார்.

'கட்டுப்படுத்தி' என்பாரும் உண்டு. அதை கன்ட்ரோலருக்கு விட்டுவிடலாம்.

எனக்குச் சொல் கிடைத்தது வீட்டில். அப்பா நீடாமங்கலத்துக்காரர். வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைப் பார்த்து வளர்ந்தவர். "ரெகுலேட்டரா? நீரொழுங்கின்னு எழுதுவாங்களே!" என்றார். தஞ்சைப் பக்கத்துப் பொதுப்பணித்துறைச் சொல் அது. மதகைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கர் சாவி போட்டுச் சுற்றி ஷட்டரை இறக்கினால் மேல்பக்கம் தண்ணீர் ஏறும். தூக்கினால் கீழே ஓடிவிடும். தண்ணீரை உண்டாக்குவது அதன் வேலை இல்லை. காரிலும் இதே கதைதான். அழுத்தம் கொடுப்பது பம்ப். ரெகுலேட்டர் டாங்கிக்குத் திரும்பும் வழியை நெருக்குகிறது, இல்லையென்றால் திறந்துவிடுகிறது. பட்டறைத் தம்பி ஆலன் சாவியால் செய்ததும் லஸ்கர் வேலைதான்.

இலக்கணம் பார்ப்பவர்கள் 'ஒழுங்காக்கி' என்பதுதான் சரி என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஆற்றங்கரையில் புழங்கிய சொல்லுக்கு என் ஓட்டு. தவிர, கார் எஞ்சினில் கை வைக்குமுன் விதியைப் பார்க்க வேண்டிய நிலப் போக்குவரத்து ஆணையமும் ஒரு ரெகுலேட்டர்தானே! அந்தப் பொருளில் 'ஒழுங்குமுறை அமைப்பு' என்று நாம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆக, எழுத்தில் 'எரிபொருள் அழுத்த ஒழுங்கி'. அட்ஜஸ்டபிளுக்கு, முன்னால் 'மாற்றத்தக்க' என்று சேர்த்துக்கொள்ளலாம். பட்டறையில் மட்டும் ரெகுலேட்டர் என்றே கேளுங்கள். நான் ஒழுங்கி என்று கேட்டதற்கு, "அது எந்த பிராண்டுண்ணே?" என்றார் தம்பி.